சிக்னல் ஃபுல்லா இருக்கு, லைன்தான் கிடைக்கல

மார்கழி வளர்பிறை ஏகாதசி. விடிவதற்கு முன்பே நம்பெருமாள் ரத்னாங்கியில் பரமபதவாசலைக் கடந்துவிடுகிறார். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் நிற்கும் கூட்டத்துக்கு அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தரிசனம் முடித்து வெளியே வந்தவர்கள் பையிலிருந்து போனை எடுத்ததும் முதலில் தேடுவது, கூட வந்தவர்களைத்தான். "அத்தை, வெள்ளைக் கோபுரம் பக்கமே நில்லுங்க, நான் வந்துர்றேன்." இந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. திரையில் சிக்னல் கோடுகளோ முழுசாக நிற்கின்றன.

அந்தக் கோடுகள் பொய் சொல்லவில்லை. டவரின் குரல் உங்கள் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டும் அவை காட்டுகின்றன. உங்களுக்குப் பங்கு மிச்சம் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி செல், ஒவ்வொரு மில்லி விநாடியிலும் தன் அலைவரிசையை 100 கூறுகளாகப் பிரித்துப் பகிர்கிறது. வீதியில் நூறு பேர் நின்றாலும் பத்தாயிரம் பேர் நின்றாலும் அதே 100தான். அதற்கும் முன்னால் இன்னொரு இடைஞ்சல் உண்டு. பேச விரும்பும் போன் முதலில் ஒரு சிறு அடையாளச் சமிக்ஞையை அனுப்பி டவரின் கவனத்தை ஈர்க்க வேண்டும். ஒரு செல்லில் அப்படிப்பட்ட சமிக்ஞைகள் மொத்தம் 64. இரண்டு போன்கள் ஒரே நொடித்துணுக்கில் ஒரே சமிக்ஞையைத் தேர்ந்தெடுத்தால் மோதல்; தோற்றது சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். எல்லோரும் சேர்ந்தாற்போல் பொத்தானை அழுத்தும் நேரத்தில் மோதலே பெரும்பாலும் மிஞ்சும்.

டவரின் சக்தியைக் கூட்டினால் தீருமா? தீராது. பந்தியில் ஒரே ஆள் பரிமாறினால் வாளியைப் பெரிதாக்கி என்ன பயன், வரிசைக்கு ஒருவர் வேண்டும். அலையைத் திசைக்கொன்றாகத் தனித்தனிக் கற்றைகளில் அனுப்பும் பல கற்றை ஆண்டெனா செய்வது அதைத்தான்.

திருச்சியில் எந்த மொட்டை மாடி டவரையும் அண்ணாந்து பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில், ஆள் உயரத்தில், ஒடுங்கிய பலகைகள் மூன்று திசை பார்த்து நிற்கும். ஒவ்வொன்றின் பொறுப்பிலும் 120 பாகை, அதாவது ஒரு செல். சற்றே கீழே குனிந்த மாதிரி இருக்கும். அடியில் கறுப்புக் கம்பிகள் வளைந்து இறங்கும். உறைக்குள் பெருக்கல் குறி வடிவ உலோகத் துண்டுகள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருக்கின்றன. ஆண்டெனாவில் ஒரு விதி உண்டு: எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் கற்றை ஒடுங்கும். பலகை உயரமாக இருப்பதால் கற்றை மேல்கீழாகத் தட்டையாகிறது. அகலம் குறைவு என்பதால் பக்கவாட்டில் 65 பாகை வரை விரிகிறது. அதை 33 பாகையாகச் சுருக்க வேண்டுமானால் பலகையை அகலமாக்கி, பக்கத்தில் பக்கத்தில் பல வரிசைகள் வைக்க வேண்டும். வரிசைகளுக்குள் செல்லும் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினால் கற்றை ஒருபுறம் சாயும். தாமதத்தைத் திருப்பிப் போட்டால் மறுபுறம். ஒரே பலகையிலிருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வேலை செய்கிறது. மலைச்சரிவில் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வரிசையாக 1,056 இருமுனை ஆண்டெனாக்கள். அலைநீளம் 92 சென்டிமீட்டர்தான்; ஆகவே கற்றை வடக்கு தெற்கில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது. வடக்கு தெற்கில் அதைத் திருப்ப இரும்பை அசைக்க வேண்டாம், தாமதத்தை மாற்றினால் போதும். அத்தோடு ஒரே சமயத்தில் 12 கற்றைகளை அமைத்துக்கொண்டு வானத்தைக் கேட்டார்கள். அங்கே கேட்பது, இங்கே பேசவும் கேட்கவும் செய்வது, கணக்கு ஒன்றே.

தாமதங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு கம்பிவலை அமைப்புக்கு பட்லர் அணி என்று பெயர். அமெரிக்கரான ஜெஸ்ஸி பட்லரும் ரால்ஃப் லோவும் 1961-ல் அதை வெளியிட்டார்கள். நான்கு வாசல் உள்ளே, நான்கு வாசல் வெளியே. எந்த வாசலில் சமிக்ஞை நுழைகிறதோ அதற்கேற்ற திசையில் ஒரு கற்றை புறப்படும். இதற்குள் மின்சாரம் தின்னும் பாகமோ நகரும் பாகமோ கிடையாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பொருள் இதுதான்.

120 பாகைக்கு இரண்டு கற்றைகள் என்றால் மூன்று செல்லுக்குப் பதில் ஆறு செல். ஒவ்வொன்றுக்கும் தனியாக 100 கூறு, தனியாக 64 சமிக்ஞை. ஆனாலும் கொள்ளளவு அப்படியே இரட்டிப்பாவதில்லை. கற்றைகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, பக்கக் கசிவும் உண்டு. எல்லைக்கோட்டில் நிற்பவரின் போனில் பக்கத்துக் கற்றை இரைச்சலாகத்தான் விழும். ஸ்ரீரங்கத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல்: ஏழு சுற்று மதில், இருபத்தொரு கோபுரம், 1987-ல் நிறைவான 236 அடி ராஜகோபுரம். கற்சுவர் சில இடங்களில் கற்றையை மறைக்கும், சில இடங்களில் திருப்பிவிடும். காவிரிக்கு மறுபக்கம் மலைக்கோட்டையைச் சுற்றியும் அதே கதை. ஒரே பாறை, 83 மீட்டர்; அதன் நிழலில் என்.எஸ்.பி. ரோடும் சின்னக்கடை வீதியும்.

2022 அக்டோபரில் நாட்டுக்கு வந்த 5ஜி, நிலையான கற்றையோடு நிற்கவில்லை. ஒரு பலகைக்குள் 64 தனி அனுப்பி வாங்கிகள். கூட்டம் நகர நகரக் கற்றையும் நகரும். தீபாவளிக்கு முந்தைய என்.எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடை வாசலில் எப்போது நெரிசல் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே இதுதான் தோது. ஸ்ரீரங்கம் அப்படியில்லை. பகல்பத்து, இராப்பத்து, பரமபதவாசல், ஆயிரங்கால் மண்டபம் என்று கூட்டம் எந்த நாளில் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பஞ்சாங்கமும் கோயில் வழக்கமும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. 4ஜி போனோடு வரும் பெரியவர்களும் அதிகம். நகராத, விலை குறைந்த, மின்சாரம் கூடுதலாகக் கேட்காத இரட்டைக் கற்றைப் பலகையை இங்கே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பலகையின் அகலம்தான் இடிக்கும். இரண்டு மடங்கு அகலம் என்றால் காற்றுக்கும் இரண்டு மடங்கு முகம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்கிற ஊரில், பழைய மொட்டை மாடிக் கம்பத்தில் இதை மாட்டுவதற்கு முன் கம்பத்தின் பலத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.