பல்லுக்கு ஏன் தொப்பி?

பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போச்சு, கரும்பு போச்சு, ஒரே பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கத்துப் பல்லும் தேய்ஞ்சு போச்சு. இது படித்துச் சொல்வது அல்ல, பட்டுச் சொல்வது. நான் டாக்டர் இல்லை. அகமதாபாத்தில் நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவன். பித்தளை, எவர்சில்வர், எனாமல், பீங்கான் என்று எதையும் தட்டிப் பார்த்து வாங்கி விற்றவன். அந்தப் பழக்கத்தில், என் வாய்க்குள் வந்து உட்கார்ந்த பீங்கானைப் பற்றியும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். நான் செய்த ஒரு தவறை நம் குடும்பங்களில் பலரும் செய்கிறார்கள் என்பதால் இந்த மலரில் எழுதுகிறேன்.

2009 மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக வந்தவாசிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. அங்கேயே ரூட் கெனால் செய்துகொண்டேன். வலி போச்சு. "ஐயா, இதுக்கு மேல கேப் போடணும். அளவெடுத்து லேபுக்கு அனுப்பணும், இன்னும் ஒரு வாரம் இருங்க" என்றார் டாக்டர். நவஜீவனில் டிக்கெட் போட்டாச்சு, கடையைத் திறக்க வேண்டும். "அடுத்த தடவை பார்த்துக்கலாம் டாக்டர்" என்று கிளம்பிவிட்டேன். வலிதான் இல்லையே, கேப் என்பது அழகுக்குத்தானே என்று நினைப்பு. பத்தாவது மாதம் வறுத்த கடலையைக் கடித்தேன். பல் இரண்டாகப் பிளந்தது. பிளவு வேர் வரை போய்விட்டதால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு பல்லை இழந்தேன்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லின் வெளிப்பூச்சு எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள், முக்கியமாகக் கால்சியமும் பாஸ்பேட்டும். அதற்குள்ளே டென்டின், அதில் தாது சுமார் 70 சதவீதம். மீதி புரதமும் நீரும், அதனால் அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். சங்கப் புலவர்கள் பல்லை முத்துக்கும் முல்லை மொட்டுக்கும் ஒப்பிட்டார்கள். முல்லை அடுத்த பருவத்திலும் அரும்பும், எனாமல் மறுபடி வளராது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், பல் உடைந்தால் கூடாததற்கு இதுவே காரணம்.

ரூட் கெனாலில் மேலிருந்து துளையிட்டு, கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு, ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார்கள். சொத்தை தின்றது பாதி, துளைத்தது மீதி. கடைசியில் நிற்பவை மெல்லிய சுவர்கள்தாம். நாம் மெல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர்கள் ஆப்பு அடித்ததுபோல் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. உறை அதைத்தான் தடுக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, பல்லைச் சுற்றிப் பிடிக்கிறது. அந்தப் பிடிக்கு ஈறுக்கு மேலே சுமார் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் நிற்க வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட, பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மூன்று தலைமுறைப் பீங்கான்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர், மெல்லிய பிளாட்டினத் தகட்டின்மேல் பீங்கானைச் சுட்டு உறை செய்து 1880-களில் காப்புரிமை வாங்கினார். 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியாக, இடைநில்லாமல் பறந்து கடந்த லிண்ட்பர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன். பார்க்க அழகு, ஆனால் கடைவாயின் அழுத்தத்துக்கு அந்தப் பீங்கான் தாங்கவில்லை.

1960-களில் வந்தது உலோகத்தின்மேல் பீங்கான் சுட்ட உறை. என் கடைக்கு வருகிறவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்வேன்: எனாமல் தட்டு! உள்ளே தகடு, மேலே கண்ணாடிப் பூச்சு. சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு வெடிக்கும். எனாமல் குவளை கீழே விழுந்தால் செதில் பெயர்ந்து கறுப்புத் தெரியுமே, அந்தக் குறை இதற்கும் உண்டு. வயதாகி ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். ஆனால் உழைப்பாளி. விலையும் குறைவு. கடைவாய்க்கு இன்றும் நம்பிப் போடலாம்.

மூன்றாவது, உலோகமே இல்லாதவை. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் ஒளியை உள்ளே விடுவதால் முன்பல்லுக்கு அசலாக இருக்கும். சிர்கோனியா அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வலிமையானது. தாய்மார்கள் போடும் அமெரிக்கன் டைமண்ட் கல்லும் இதே சிர்கோனியம் ஆக்சைடுதான், படிக அமைப்பு வேறு. சிர்கோனியாவில் விரிசல் விழுந்தால், அதன் முனையிலுள்ள துகள்கள் வடிவம் மாறிச் சற்றே பருத்து விரிசலை நெருக்கி அடைக்கும். இந்தத் தன்மையை 1975-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதன் மூலப்பொருளான சிர்க்கான், நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுகிறது.

சமண வீட்டில் பிறந்தவன் ஆகையால் டாக்டரிடம் முதலில் நான் கேட்டது, "இதில் எலும்பு உண்டா?" என்பதுதான். சிரிக்காதீர்கள். போன் சைனா கோப்பையில் மாட்டெலும்புச் சாம்பல் கலப்பது பாத்திரக்காரனுக்குத் தெரியும். பல் பீங்கானில் அது கிடையாது. பெல்ஸ்பார், சிலிக்கா, நிறத்துக்கு உலோக ஆக்சைடுகள், அவ்வளவுதான்.

செய்வது எப்படி?

பல்லைச் சுற்றிலும் மேலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ராவி, அளவெடுத்து, தற்காலிக உறை மாட்டி அனுப்புவார்கள். லேபில் சிர்கோனியாக் கட்டியைக் கணினி இயந்திரம் கடைந்தெடுக்கும். அப்போது அது சாக்கட்டி மாதிரி இருக்கும். சுமார் 1500 டிகிரி சூளையில் சுட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவு சுருங்கிக் கெட்டியாகும். ஆகையால் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு முதலிலேயே பெரிதாகக் கடைகிறார்கள். பச்சைமண் பானையைச் சூளையில் வைக்கும் குயவருக்குத் தெரிந்த கணக்குத்தான். இரண்டாவது தடவை போகும்போது பொருத்திப் பார்த்து, கடிப்பைச் சரிசெய்து ஒட்டுவார்கள்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: உறை சொத்தையாகாது, உள்ளே இருக்கும் பல் ஆகும். உறையும் பல்லும் சேரும் ஓரத்தில்தான் கிருமி குடியேறும். இரவு பல் துலக்காமல் படுக்காதீர்கள், தூக்கத்தில் உமிழ்நீர் குறையும்.

இரண்டு: லேப் தரும் உத்தரவாத அட்டை உறைக்குத்தான், உங்கள் பல்லுக்கு இல்லை.

மூன்று: நல்ல பல்லை வெள்ளையாக்குவதற்காக ராவ விடாதீர்கள். ராவிய எனாமல் திரும்பி வராது. சிறு சொத்தைக்கு அடைப்பே போதும்.

நான்கு: ஊரில்தான் வைத்தியம் என்றால், உறை ஒட்டி முடியும் நாள் வரை கணக்குப் பண்ணி ரிட்டர்ன் டிக்கெட் போடுங்கள். முடியாவிட்டால் எக்ஸ்ரேயைக் கையோடு வாங்கி வந்து, இருக்கிற ஊரிலேயே உடனே முடித்துவிடுங்கள். மொழி ஒரு தடையே அல்ல, பல் வலிக்கு எல்லா ஊரிலும் ஒரே முகம்.

2013-இல் மறுபக்கத்துக் கடைவாய்ப் பல்லும் ரூட் கெனாலுக்கு வந்தது. இந்தத் தடவை பத்தே நாளில் மணிநகரிலேயே உறை போட்டுக்கொண்டேன். இன்றும் அந்தப் பக்கமாகத்தான் கடலை மெல்கிறேன். எதிர்ப்பக்கத்து வெற்றிடத்தை நாக்கு தினமும் போய்த் தடவிவிட்டு வருகிறது. வராத வரவை எழுதி வைத்த பழைய கணக்கு நோட்டைப் புரட்டுகிற மாதிரி.