நீதிபதிக்கு வயது 15

அலாஸ்கா மாநிலத்தின் ஆங்கரேஜ் நகரில், 14 வயதுப் பெண் ஒருத்தி கடையில் லிப்ஸ்டிக் திருடி மாட்டிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை. போலீஸ் வந்தது, அப்பா அம்மாவுக்குத் தகவல் போனது, கோப்பு சிறார் நீதித் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் அவள் ஒரு விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மூன்று நீதிபதிகள். ஊர் தரப்பில் பேச ஒரு வழக்கறிஞர், அவள் தரப்பில் பேச இன்னொருவர். அத்தனை பேரும் பள்ளி மாணவர்கள். நடுவில் இருக்கும் நீதிபதிக்கு 15 வயது இருக்கலாம். நாளைக்கு அவருக்குக் கணக்குப் பரீட்சை இருக்கலாம்.

பள்ளி ஆண்டுவிழா நாடகம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மூவரும் சொல்வதை அவள் செய்து முடித்தால் வழக்கு அத்தோடு முடிந்துபோகும். செய்யாவிட்டால் கோப்பு திரும்பவும் பெரியவர்களின் மேசைக்குப் போகும். அமெரிக்காவில் இதற்கு ‘டீன் கோர்ட்’, ‘யூத் கோர்ட்’ என்று பெயர்கள். நாம் இளையோர் நீதிமன்றம் என்போம். ஆங்கரேஜில் இது 1989இல் தொடங்கியது.

முதல் சூட்சுமம் வாசலிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட நீதிமன்றங்களில் பெரும்பாலானவை “இவர் செய்தாரா, இல்லையா?” என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. செய்ததை ஒப்புக்கொண்டவர், அதுவும் தானாக விரும்பி, பெற்றோர் சம்மதத்தோடு வருபவர் மட்டும்தான் உள்ளே வர முடியும். மறுப்பவருக்கு வழக்கமான சிறார் நீதிமன்றம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைக்கிறது! சாட்சி, தடயம், குறுக்கு விசாரணை என்று தேர்ந்த வக்கீல்களே தடுமாறும் பகுதி முழுக்கப் போய்விடுகிறது. குற்றமற்ற ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் தவறாகக் குற்றவாளியாக்கும் அபாயமும் கூடவே போய்விடுகிறது. மிஞ்சுவது இரண்டு கேள்விகள்: ஏன் செய்தாய், இதை எப்படிச் சரிசெய்யலாம்? இந்த இரண்டுக்கும் சட்டப் படிப்பைவிட வயதுதான் பெரிய தகுதி.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்த எவருக்கும் தெரியும், பெரியவர்களிடம் சொல்வதற்கென்றே அவர்கள் பதில்கள் தயாராக வைத்திருப்பார்கள். “தெரியாமல் செய்துவிட்டேன்.” “இனிமேல் நடக்காது.” தலை குனிந்திருக்கும், குரல் இறங்கியிருக்கும். பெரிய நீதிபதி அதை ஏற்றுக்கொள்ளக்கூடும். அதே பதிலை அதே குரலில் போன வாரம் தன் வீட்டில் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் ஏற்றுக்கொள்வாரா? அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார். கூட யார் வந்தார்கள்? அவர்கள் இல்லாவிட்டாலும் எடுத்திருப்பாயா? வீட்டுக்குப் போனதும் அம்மா முகத்தைப் பார்த்தாயா? உன் தங்கைக்கு இது தெரியுமா?

கேட்பதற்கும் பயிற்சி உண்டு. ஆங்கரேஜில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் தன்னார்வலர்கள் பல வாரங்கள் சட்ட வகுப்பில் உட்கார்ந்து, கடைசியில் தேர்வு எழுதித் தேறினால்தான் வழக்கு நடத்த முடியும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரெட் ஹுக் என்னும் துறைமுகக் குடியிருப்பில் இயங்கும் இளையோர் நீதிமன்றத்திலும் இதே கதைதான். பயிற்சி, தேர்வு, உறுதிமொழி. அறையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது அந்த உறுதிமொழியின் உயிர்நாடி. மறுநாள் பள்ளி வராந்தாவில் கதை பரவிவிட்டால், அடுத்து வருபவர் வாய் திறக்கவே மாட்டார்.

ஊருக்கு ஊர் வடிவம் மாறும். சில இடங்களில் நீதிபதி மட்டும் பெரியவர், மற்ற எல்லோரும் பிள்ளைகள். 1998இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் ஏறக்குறைய பாதி இந்த வகை. சில இடங்களில் நீதிபதியும் பிள்ளையே. ஆங்கரேஜ் போல மூன்று இளம் நீதிபதிகள் சேர்ந்து முடிவெடுப்பது இன்னொரு வகை. நான்காவது வகையில் வக்கீல்களே கிடையாது. ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட குழு, எதிரே இருப்பவரிடம் நேராகக் கேள்வி கேட்கும்.

தீர்ப்புகளில் சிறை இருக்காது. சில மணி நேரம் முதல் சில பத்து மணி நேரம் வரை சமூகப் பணி, கடைக்காரருக்கு மன்னிப்புக் கடிதம், உடைத்த பொருளுக்கு ஈடு, ஒரு கட்டுரை, கோபத்தைக் கையாளக் கற்றுத்தரும் வகுப்பு. வருகிற வழக்குகளும் அந்த அளவுதான். கடைத் திருட்டு, சிறு கைகலப்பு, சுவரில் கிறுக்கல், வயதுக்கு முன்பே மது, பள்ளியில் ரகளை. இந்த எளிய தண்டனைகளுக்குப் பின்னால் பெரியதொரு பரிசு காத்திருக்கிறது: முடித்துவிட்டால் குற்றச்சாட்டு தள்ளுபடி. 14 வயதில் எடுத்த ஒரு லிப்ஸ்டிக், 22 வயதில் வேலை தேடும்போது குறுக்கே வந்து நிற்காது.

சரி, சக வயதினர் சொன்னால் ஏன் உறைக்க வேண்டும்? இதற்கு உளவியலில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்டது. மூன்று வயதுக் குழுக்களில் 306 பேர். எல்லோரும் கணினியில் கார் ஓட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் கூடுதல் புள்ளி. திடீரென்று சிவப்பு விழுந்து குறுக்கே சுவர் முளைத்தால் எல்லாம் போச்சு. சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தம் வயதுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களோ, நண்பர்கள் அருகில் இருந்தபோது மிக அதிகமாகத் துணிந்தார்கள்.

பதின்பருவத் தவறுகளில் பெரும்பகுதி தனியாக நடப்பதில்லை. பார்க்க யாராவது இருக்கும்போது நடக்கிறது. அந்த வயதில் சக வயதினரின் பார்வைக்கு அப்படியொரு விசை. இளையோர் நீதிமன்றம் அந்த விசையை எதிர்த்து நிற்காமல் அதன் திசையை மாற்றப் பார்க்கிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை. “நாங்கள் உன் வயதுதான், இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை” என்று ஓர் அறையே சேர்ந்து சொல்லும்போது, தவறு செய்தவரால் அதைக் கிழடுகளின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

எண்ணம் அழகாக இருக்கிறது. பலிக்கிறதா? வாஷிங்டனில் உள்ள நகர்ப்புற ஆய்வு நிறுவனம் ஜெஃப்ரி பட்ஸ் தலைமையில் நான்கு மாநிலங்களில் இதை அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. அளவுகோல் மறுகுற்றம், அதாவது ஆறு மாதத்துக்குள் மீண்டும் ஒரு குற்றத்தில் சிக்குவது. அலாஸ்காவில் வழக்கமான முறையில் கையாளப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 23 பேர் மீண்டும் சிக்கினார்கள். இளையோர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் 6 பேர். மிசௌரியில் இதே கணக்கு 28 பேர், 9 பேர். அரிசோனாவில் 15 பேர், 9 பேர், ஆனால் அந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். மேரிலாந்தில் கணக்கு தலைகீழ்: இளையோர் நீதிமன்றத்தில் 8, ஒப்பீட்டுக் குழுவில் 4. இதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய சிறு இடைவெளியே.

எனக்கு மிகப் பிடித்தது இந்த மேரிலாந்துப் புதிர்தான். அங்கே ஒப்பிடப்பட்ட பிள்ளைகள் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள். அவர்களையும் யாரும் சும்மா விட்டுவிடவில்லை. போலீசே முனைந்து சமூகப் பணி, ஆலோசனை என்று ஏறத்தாழ அதே உதவிகளைத் தந்திருந்தது. அப்படியானால் பாதி மருந்து, யாரோ ஒருவர் கவனித்து உடனே ஏதாவது செய்வதில் இருக்கிறது. மீதிப் பாதி? நல்ல பலன் தெரிந்த அலாஸ்காவிலும் மிசௌரியிலும் நீதிபதிகளே பிள்ளைகள். மற்ற இரண்டிலும் பெரியவர்கள். நான்கு இடங்களை வைத்து விதி எழுத முடியாதுதான். இருந்தாலும் பெரியவர்கள் எவ்வளவு தூரம் உண்மையாக ஒதுங்கி நிற்கிறார்களோ அந்த அளவுக்கு இது பலிக்கிறது என்பதே என் கணிப்பு. மேரிலாந்திலேயே 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு, யார் எங்கே போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தது. அதில் டீன் கோர்ட்டுக்குப் போனவர்கள்தான் தாங்களே சொன்ன கணக்கில் கூடுதலாகத் தவறு செய்திருந்தார்கள். பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் போதாது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

பிள்ளைகளைப் பிள்ளைகளே விசாரிக்கும் எண்ணமும் புதிதல்ல. நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீவில்லில் வில்லியம் ஜார்ஜ் என்பவர் 1895இல் தொடங்கிய ‘ஜூனியர் ரிபப்ளிக்’ குடியிருப்பில், சட்டம் இயற்றியதும் வழக்கு விசாரித்ததும் அங்கிருந்த பிள்ளைகளே. இன்றைய வடிவத்துக்கு டெக்சாஸின் ஒடெஸ்ஸா நகரில் 1983இல் தொடங்கிய நீதிமன்றம் முன்மாதிரியானது. 1994இல் நாடு முழுவதும் 78 இருந்தன. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள்ளேயே எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது.

இவ்வளவு வேகமாகப் பரவும் எதிலும் ஓர் ஆபத்து உண்டு. குற்றவியலாளர்கள் அதை ‘வலை விரிதல்’ என்பார்கள். முன்பெல்லாம் போலீஸ்காரர் அதட்டி அனுப்பிவிட்டிருக்கும் பையனை, “இளையோர் நீதிமன்றம்தான் இருக்கிறதே” என்று இப்போது வழக்குக்குள் இழுத்துவிடலாம். அப்போது மென்மையான கருவியே அதிகப் பிள்ளைகளைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்துவிடும். ஆகவே உள்ளே யாரை எடுப்பது என்பதும், யாரை எடுக்காமல் விடுவது என்பதும் தீர்ப்பைப் போலவே முக்கியம்.

சொல்லாமல் வைத்திருந்த ஒரு தண்டனை மிச்சம் இருக்கிறது. இந்த நீதிமன்றங்களின் மிகக் கெட்டிக்கார அம்சம் என்று நான் நினைப்பது அதைத்தான். பல இடங்களில் தீர்ப்பின் ஒரு பகுதி: அடுத்து வரும் சில வழக்குகளில் நீயும் ஜூரியாக உட்கார வேண்டும். எந்த நாற்காலியைப் பார்த்துப் பயந்தாரோ அந்த நாற்காலி. தான் சொன்ன அதே சாக்கை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டும், அதை நம்புவதா என்று முடிவுசெய்ய வேண்டும். சிலர் தண்டனைக் கணக்கு தீர்ந்த பிறகும் தாமாகவே தொடர்ந்து வருகிறார்கள். தலைநகர் வாஷிங்டனில் 1996இல் எட்கர் கான் என்ற சட்ட அறிஞர் தொடங்கிய இளையோர் நீதிமன்றம் இதற்கு ஊதியமும் வைத்தது. ஜூரியாக உட்கார்ந்த நேரமெல்லாம் ‘டைம் டாலர்’ என்ற வரவாகச் சேர்ந்தது. போதிய அளவு சேர்ந்ததும் பழுதுபார்த்துப் புதுப்பித்த கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போக முடிந்தது.