குழாயினுள் ஊரும் காந்தம்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையினின்று எடுத்த கலத்தை விரலால் தட்டிப் பார்த்தல் வழக்கம். கணீரென்று ஒலிப்பின் நன்று. ஒலி மழுங்கின் உள்ளே விரிசலுண்டென்று ஒதுக்கிவிடுவர். இங்ஙனம் தட்டியறிய இயலாத பொருளொன்றுண்டு. அது நிலத்தடியிற் கிடந்து எரிவாயுவைச் சுமக்கும் எஃகுக் குழாய்.

குழாயின் புறத்தைப் பூச்சினாலும் சிறு மின்னோட்டத்தினாலும் காக்கலாம். அகத்திலோ, வாயுவோடு வந்த நீர் தாழ்ந்த இடங்களிற் றேங்கும். கரியமிலவாயு அதிற் கரைந்து அமிலமாகி எஃகைக் குழிகுழியாக அரிக்கும். ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நகரம் என்னும் சிற்றூரில், 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் விடியற்காலையில், 18 அங்குலக் குழாயொன்று கசிந்து, பரவிய வாயு தீப்பற்றிற்று. இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த அக்குழாயில் ஈரவாயு சென்றமை விசாரணையிற் புலனாயிற்று.

இத்துருவைக் காணக் குழாயினுள்ளே கருவியொன்றை விடுகின்றனர். அதற்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘பன்றி’ என்பது. வேதாகமம் வாசித்தோர் நகைப்பரோ யான் அறியேன்! வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளிச் செல்லும். அதன் வலிய காந்தங்கள் குழாய்ச் சுவரைக் காந்த ஓட்டத்தால் நிரப்பும். சுவர் நிறைவாயுள்ள இடத்து அவ்வோட்டம் எஃகினுள்ளேயே அடங்கிச் செல்லும். அரிக்கப்பட்டு மெலிந்த இடத்திலோ, மெலிந்த கரையை மீறும் வாய்க்கால் நீர்போல், வெளியே கசியும். அக்கசிவை உணர்விகள் பதிவு செய்யும். ஒலியலையால் அளத்தலும் உண்டெனினும், அதற்குக் கருவிக்கும் சுவருக்குமிடையே நீர்மம் வேண்டும்; ஆதலின் வாயுக் குழாய்க்குக் காந்தமே பெரிதும் ஏற்றது.

அகன்ற குழாயில் இஃது எளிது. நான்கு அங்குலக் குழாயிலோ காந்தம், மின்கலம், பதிவுப்பொறி யாவும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கவேண்டும். ஆகவே அவற்றைப் புகைவண்டித் தொடர்போல் இணைத்து, வளைவுகளில் நெளிந்து செல்ல விடுகின்றனர். வாயுவின் அழுத்தம் குறைந்தாலோ வேறு தொல்லை: கருவி ஓரிடத்திற் சிக்கி நிற்கும்; பின்னே அழுத்தம் மிகுந்தவுடன் பாய்ந்தோடும். பாய்ந்த தொலைவில் எடுத்த பதிவு பழுதாம். இதனாலேயே தானே சக்கரங்களால் ஊர்ந்து செல்லும் சிறு பொறிகளையும் சமைத்துள்ளனர்.

கருவி புகவியலாத பழைய குழாய்களும் உள. ஆங்கு நீர் தேங்கக்கூடிய தாழ்விடங்களைக் கணித்து, அவ்விடங்களில் மட்டும் மண்ணைத் தோண்டி, புறத்திலிருந்து ஒலியலையால் சுவரின் கனத்தை அளக்கின்றனர். ஏறக்குறைய நம் சூளைக்காரர் செய்வதே அது. தோண்டாத இடத்துத் துரு மட்டும் அகப்படாது.