ஷாம்பேன் மதுவும் சர்க்கரையின் அளவும்

பிரான்சு நாட்டின் வடகிழக்கில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில், ரீம்ஸ், எப்பர்னே என்னும் நகரங்களைச் சூழ்ந்து கிடப்பது ஷாம்பேன் பிரதேசம். நுரைத்துப் பொங்கும் திராட்சை மதுவாகிய ஷாம்பேன் இப்பிரதேசத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

திராட்சைச் சாகுபடி நடைபெறக்கூடிய நிலப்பரப்பின் வட எல்லையை ஒட்டியது இப்பகுதி. குளிர் மிகுதியாதலின் பழத்தில் இனிப்பு மெல்ல ஏறுகிறது, புளிப்பும் தங்கிவிடுகிறது. மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணப்பாறை மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட நாட்களில் வேர்களுக்கு அளிக்கிறது. பினோ நுவார், மொனியே, ஷார்தொனே என்னும் மூன்று வகைத் திராட்சைகளே பெரும்பாலும் பயிராகின்றன. முதலிரண்டும் கருந்தோல் உடையவை. ஆயினும் அவற்றின் சாறு நிறமற்றது. தோலின் சாயம் சாற்றில் இறங்காதிருக்கும் பொருட்டு, குலைகளைக் கையாற் பறித்து, முழுமையாகவே கொணர்ந்து, மெதுவாகப் பிழிகின்றனர்.

இச்சாறு முதன்முறை நொதிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அதன்பின் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மதுவைப் புட்டிகளில் அடைக்கின்றனர். இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நிகழ்வதால், வாயு வெளியேற வழியின்றி மதுவில் கரைந்து நிற்கிறது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை சுமார் 1 வாயுமண்டல அழுத்தத்தைத் தரும். 24 கிராம் சேர்ப்பின் அழுத்தம் 6 வாயுமண்டலத்தை எட்டும். இது மோட்டார் கார்ச் சக்கரத்திலுள்ள அழுத்தத்தைவிட இரு மடங்குக்கும் மிகுதியாகும்.

ஓவில்லேர் மடத்துத் துறவியான டாம் பெரிஞோன் இந்நுரையைக் கண்டுபிடித்தார் என்பது கர்ணபரம்பரைக் கதையே. அவர் அம்மடத்துக்கு வந்தது 1668-ஆம் ஆண்டில். மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தைக் கிறிஸ்டோபர் மெரட் என்பார் 1662-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்துள்ளார்.

நுரையை உண்டாக்குவதைவிட அதனை அடக்குவதே அரிதாயிருந்தது. முதல் நொதித்தலுக்குப் பின் மதுவில் எஞ்சியிருக்கும் சர்க்கரையை அளந்தறிய வழியில்லாமையால், எவ்வளவு சேர்ப்பது என்பது ஊகமாகவே இருந்தது. குறைந்தால் நுரையில்லை, மிகுந்தால் புட்டி வெடிக்கும். ஒன்று வெடித்தால் அண்டையிலுள்ளவையும் சிதறும். நிலவறைத் தொழிலாளர் முகத்தைக் காத்துக்கொள்ள இரும்பு முகமூடி அணிந்தே வேலை செய்தனர். அடுக்கியவற்றுள் பெரும்பகுதி அழிந்த ஆண்டுகளும் உண்டு.

1836-ஆம் ஆண்டளவில், ஷாலோன் நகரத்து மருந்தாளரான ழான் பாப்டிஸ்ட் பிரான்சுவா இதற்கு வழி கண்டார். எஞ்சிய சர்க்கரையைக் கருவியால் அளந்து, சேர்க்கவேண்டிய அளவைக் கணக்கிடும் முறையை அவர் வகுத்தார். நாளடைவில் கண்ணாடியின் தரமும் உயரவே சேதம் பெரிதும் குறைந்தது. நொதித்தல் உயிருள்ள ஈஸ்ட்டின் செயலே என்பதை லூயி பாஸ்டர் நிறுவத் தொடங்கியது 1857-ஆம் ஆண்டில்தான். காரணம் தெளிவாகுமுன்னரே அளவு பயன் தந்துவிட்டது.

இம்மதுவை உணவோடு இணைப்பதிலும் அளவே வழிகாட்டுகிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரையுள்ள ‘புரூட்’ வகையைச் சிப்பி, மீன், வெண்ணெய்ச் சுவைமிக்க பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு பிரெஞ்சு மக்கள் அருந்துகின்றனர். அதன் புளிப்பும் வாயுவும் கொழுப்பின் கனத்தை நாவில் குறைத்துக் காட்டுகின்றன. இனிப்புப் பண்டங்களுக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரையுள்ள ‘தெமி செக்’ வகை பொருந்தும். புரூட் வகை அவற்றின் அருகே புளித்துத் தோன்றும்.

இன்று இப்பிரதேசம் வேறொரு சோதனையை எதிர்நோக்குகிறது. வெப்பம் உயர்ந்து வருவதால், முன்னர் செப்டம்பர் மாதத்திலோ அதற்குப் பின்னரோ தொடங்கிய அறுவடை, 2003-ஆம் ஆண்டு முதல் பல முறை ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கியுள்ளது. பழத்தில் சர்க்கரை விரைந்து ஏறுகிறது, புளிப்பு குறைகிறது. புளிப்பு குன்றின் இம்மதுவின் இயல்பே மாறிவிடும். எனவே அறுவடைக்கு முந்திய வாரங்களில் தோட்டந்தோறும் மாதிரிக் குலைகளைப் பறித்து, சர்க்கரையையும் புளிப்பையும் அளந்து, அந்தந்த ஊருக்குரிய பறிப்பு நாளை உறுதி செய்கின்றனர். அன்று புட்டியைக் காத்த அளவீடு இன்று பழத்தின் பக்குவத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுள்ளது.