தத்துவ போதகரின் சிந்தனையில் உடல்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் காவியுடுத்துப் புலால் மறுத்து வாழ்ந்தமை பெரிதும் பேசப்படுகிறது. அவரது மறுபிறப்பு மறுப்பு உடலுக்கு அளிக்கும் மதிப்போ குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

உயிரே உடலை உடலாக்கும் வடிவம் என்பது தாமஸ் அக்குவினாஸின் கொள்கை. அம்மரபில் பயின்ற நொபிலி 'ஆத்தும நிருணயம்' இயற்றினார். இக்கொள்கைப்படி உடல், உயிர் மாற்றி உடுத்தும் ஆடையன்று. இன்ன உயிருக்கு இன்ன உடல் என்னும் பிணைப்பு உண்டு. ஆதலின் உயிர் வேறுடல் புகுதல் இயலாது. இறுதிநாளில் அதே உடலே உயிர்த்தெழும்.

உடம்பை இறைவன் கோயிலாகக் கண்ட திருமூலரோடு இதனை ஒப்பிடுதல் எளிது. ஆயின் முழுதும் பொருந்தாது. திருமூலர் மரபு பிறவித்தொடரை ஏற்பது. அங்கு உடல் பேணப்படுவது மெய்ஞ்ஞானத்திற்குத் துணையாதலால். நொபிலி சார்ந்த மரபிலோ உடலின்றி மனிதன் முழுமையுறான்.