சுருட்டை முடியை நிமிர்த்தும் தண்ணீர்

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைப்பாதையில் வண்டி ஏறத் தொடங்கியதும் காற்று மாறிவிடும். அடிவாரத்து வெயிலில் படிந்து கிடந்த சுருட்டை முடி, வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் உப்பி எழுந்து, காதோரம் சின்னச் சின்ன வளையங்களாகச் சுருண்டிருக்கும். மழை பெய்யவில்லை, யாரும் தண்ணீர் தெளிக்கவும் இல்லை. மலைக்காற்றின் ஈரத்தை முடி தானாகவே எடுத்துக்கொண்டது.

இந்த வேலையில் முடி எவ்வளவு துல்லியமானது என்பதை ஜெனீவாவின் ஒராஸ் பெனடிக்ட் த சொசூர் 1783-இல் உலகுக்குக் காட்டினார். ஒரு மனித முடியை இழுத்துக் கட்டி, அது நீளும்போதும் சுருங்கும்போதும் நகரும்படி ஒரு முள்ளைப் பொருத்தி, காற்றின் ஈரப்பதத்தை அளந்தார். முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் முடி நூற்றுக்குச் சுமார் 2 பங்கு நீளும். 50 செ.மீ. கூந்தலில் அது வெறும் 1 செ.மீ. அந்த ஒரு சென்டிமீட்டரை நம்பித்தான் வானிலை நிலையங்கள் நெடுங்காலம் முடி வைத்த கருவிகளைப் பயன்படுத்தின.

முடிக்குள் நுழைந்த தண்ணீர் என்ன செய்கிறது? முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதச் சங்கிலிகள் திருகுசுருளாக வளைந்து, பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளைய முடியும் என்று கணக்கிட்டு வரைபடமாகத் தந்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். அவர்களுடைய கட்டுரை 1963-இல் வெளிவந்தது. நம் தலைமுடியின் திருகுசுருளுக்கும் அந்த வரைபடத்தில் ஓர் இடம் உண்டு.

சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று கந்தகப் பிணைப்பு. இது கெட்டியானது, எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அசையாது. சலூனில் செய்யும் நிரந்தர நேராக்கல் ரசாயனத்தால் இதைத்தான் உடைக்கிறது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் மிக மெலிது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்தால், அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி கோத்துக்கொள்ளும்.

இதை நம் வீடுகளில் பல தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். ஈரத்தோடு பின்னல் போட்டுப் படுத்த பெண், காலையில் அவிழ்த்தால் நேரான கூந்தல்கூட அலை அலையாக விழும். அடுத்த முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அந்த நெளி போய்விடும். ஈரம் வைத்து நெளி வரவழைக்க முடியும் என்றால், அதே ஈரம் வைத்து நெளியை எடுக்கவும் முடியும் அல்லவா? சூடில்லாமல் சுருட்டையை நேராக்கும் வழிகள் எல்லாமே இந்த ஒரே விதியில் நடப்பவைதான்.

சூடும் இதே ஹைட்ரஜன் பிணைப்புகளைத்தான் அவிழ்க்கிறது. ஆனால் ஸ்ட்ரெய்ட்னர் 200 டிகிரி செல்சியஸையும் தாண்டும். வடை பொரிக்கும் எண்ணெயே ஏறத்தாழ 180 டிகிரிதான். அந்தச் சூட்டில் கெரட்டினே சிதையத் தொடங்கும். ஈரம் காயாத முடி என்றால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே சிக்கிய தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழி குமிழியாகத் துளைகளை உண்டாக்கும். சுருட்டும் இடுக்கியின் 125 டிகிரி சூடே இதற்குப் போதும் என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. குமிழி விழுந்த இடத்தில் முடி பொட்டென்று ஒடியும். அது மறுபடி ஒட்டாது, ஏனென்றால் தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்றது.

சூடில்லாத வழி இது. தலைக்குக் குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். அகன்ற பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே வந்து சிக்கெடுக்க வேண்டும். பிறகு பிடரியில் தளர்வாக ஒரு துணி பேண்ட் போட்டு, அதற்குக் கீழே முடியை நீவி நிமிர்த்தியபடி, இரண்டு விரற்கடைக்கு ஒரு பேண்டாக நுனிவரை கட்டிக்கொண்டே போக வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அவிழ்க்கலாம். கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்துப் பிணைப்புகள் பழைய வளைவுக்கே போய்விடும். நிமிர்த்த வேண்டும் என்று வெறிகொண்டு இழுக்கவும் கூடாது. ஈர முடி நூற்றுக்கு 30 பங்கு வரை நீண்டு திரும்பும், அதற்கு மேல் போனால் திரும்பாது. இறுகக் கட்டினால் நெற்றியோர மயிர்க்கால்களும் நோகும். இறுக்கமான சுருள் இந்த முறையில் கம்பிபோல ஆகிவிடாது. நன்றாக நீண்டு, தளர்ந்து விழும். எனக்கு அதுவே அழகாகப் படுகிறது.

சரி, காற்றில் தானாகக் காயவிட்டால் கெடுதலே இல்லையா? 2011-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக் கற்றைகளைத் திரும்பத் திரும்ப அலசி உலர்த்திப் பார்த்தார்கள். ட்ரையரின் சூடு கூடக்கூட முடியின் மேற்பரப்பு பாழானது. ஆனால் தானாகக் காய்ந்த முடியில் மட்டும், உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் சேதமாகியிருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். ட்ரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே உலர்த்தினால் சேதம் குறைவு. அந்தத் தூரத்தில் சூடு 47 டிகிரிதான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மலையூரில் தலை காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போது மின்விசிறிக்கு முன்னால் உட்கார்வது நல்லது.

இத்தனையும் செய்தாலும் சுருட்டையின் பிறப்பிடத்தை நாம் தொடவே இல்லை. அது தோலுக்கு அடியில் இருக்கிறது. சுருட்டை முடியின் மயிர்க்கால் வளைந்திருக்கும். அதிலிருந்து முடி வளைந்தே வெளிவரும். ஒரு முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். எல்லாவற்றையும் கூட்டினால் ஒவ்வொரு தலையும் மாதத்துக்கு 1 கிலோமீட்டர் சுருட்டை இழை நூற்கிறது!

போட்ட நேர்வடிவம் கொஞ்ச நாள் நிற்க வேண்டுமென்றால் காற்றின் ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்த வேண்டும். முடியின் மேல்தோல், ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள். காரமான சோப்பு இவற்றைத் தூக்கிவிடும். கல்வராயனும் சேர்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் முள்ளோடு படரும் சீயக்காய், சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருளால் அழுக்கை எடுக்கிறது. அதன் கரைசல் லேசான புளிப்புத்தன்மை கொண்டது என்பதால் செதில்கள் படிந்தே இருக்கும்.

எண்ணெயில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்க்கு ஈடில்லை. மும்பையில் ஆரத்தி ரேலேயும் ஆர்.பி. மோகிலேயும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குறைவாகவே ஏறும், முடியும் குறைவாகவே உப்பும். தலைக்குக் குளிப்பதற்கு முன்பே தடவினாலும் இந்தப் பலன் கிடைப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள்.