ஊசியின் முனை எங்கே?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், ஆரணியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் வீங்கிய சுட்டுவிரலோடு என்னிடம் வந்தார். பட்டுச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பதும் ரவிக்கை தைப்பதும் அவரது தொழில். கணவர் தறி நெய்பவர். மூன்று நாள்களுக்கு முன் தையல் இயந்திரத்தின் ஊசி விரலில் இறங்கி ஒடிந்திருந்தது. "அப்போதே பிடுங்கிவிட்டேன் டாக்டர், வீக்கம்தான் வடியவில்லை" என்றார். "ஒடிந்த முனை கிடைத்ததா அம்மா?" என்று கேட்டேன். அவர் அதைத் தேடவே இல்லை. எக்ஸ்ரே படத்தில் அம்முனை எலும்பை ஒட்டித் தெளிவாகத் தெரிந்தது. சிறிய அறுவை சிகிச்சை செய்து அகற்றினோம். எனினும், விரலை முழுமையாக மடக்க அவருக்குப் பல வாரங்கள் ஆயின.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, விரல்நுனிகளை நம்பி வாழும் தொழில். அறுந்த பாவு இழையைக் கண்டெடுத்து முடிச்சிடுவதும் விரல்நுனியே. வழுக்கும் பட்டை ஊசியின் கீழ் நகர்த்துவதும் விரல்நுனியே. எனவே ஊசியைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

பொருத்தமான ஊசி

ஊசி உறையில் 75/11, 90/14 என இரண்டு எண்கள் இருக்கும். 90 என்றால் ஊசித் தண்டின் தடிமன் 0.90 மில்லிமீட்டர். மென்பட்டுக்கு 9 அல்லது 11ஆம் எண்ணும், பருத்திக்கு 14ஆம் எண்ணும், தடித்த துணிக்கு 16 அல்லது 18ஆம் எண்ணும் ஏற்றவை. ஜரிகைக் கரையும் உள்துணியும் சேர்ந்து தடித்த இடத்தில் மெல்லிய ஊசி வளைந்து ஒடியக்கூடும். அங்கே ஊசியை மாற்றி, மெதுவாகத் தையுங்கள்.

ஊசியின் நீண்ட பள்ளம், நூல் காதுக்குள் நுழையும் பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். தட்டும் ஒலி எழுந்தாலோ, தையல் விட்டுப்போனாலோ, பட்டிழை இழுபட்டாலோ ஊசி மழுங்கிவிட்டது என்று பொருள். ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசியை மாற்றுவது நல்லது.

பாதுகாப்பான கையாளுகை

நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; மோட்டார் இருந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். துணியைப் பின்புறமிருந்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்து தகட்டில் மோதும். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். இருமினால் அவை தொண்டைக்குள் சென்றுவிடும். பழைய ஊசிகளை மூடியுள்ள காலி மாத்திரைப் புட்டியில் சேர்த்து வையுங்கள். குப்பையில் வீசினால், அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும்.

ஊசி குத்திவிட்டால்

விரலை வெடுக்கென இழுக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி ஊசியை மேலே எழுப்புங்கள். எழவில்லையெனில், ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசியோடேயே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஊசி வெளியே வந்துவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், இயந்திர எண்ணெய் எதையும் தடவாதீர்கள். பிளேடால் கிளறவும் வேண்டாம்.

அடுத்து, ஒடிந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் சேர்த்து, புதிய ஊசியோடு நீளத்தை ஒப்பிடுங்கள். தரையில் தேடக் காந்தம் உதவும். முனை கிடைக்கவில்லையெனில், அது விரலுக்குள் இருப்பதாகவே கொண்டு, துண்டுகளோடு அன்றே வாருங்கள். எஃகு எக்ஸ்ரேயில் எளிதில் தெரியும். எக்ஸ்ரே கண்டறியப்பட்டது 1895ஆம் ஆண்டு நவம்பரில். 1896 ஜனவரியிலேயே பர்மிங்காம் நகர மருத்துவர் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் ஒருவரது கையில் தைத்திருந்த ஊசியை அதனால் படம்பிடித்தார். உடலில் ஊசித்துண்டு தங்கியிருக்கலாம் என்று ஐயம் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அங்குள்ள வலிய காந்தம் அதனை அசைக்கக்கூடும்.

துரு இல்லாத ஊசியாலும் டெட்டனஸ் வரலாம். அதற்குக் காரணம் துருவன்று, மண்ணிலும் தூசியிலும் வாழும் கிருமி. ஆழமான குத்துக்காயத்தில், கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் பொதுவாக மீண்டும் ஒன்று தேவைப்படும்.

விரல் முழுவதும் வீங்குதல், சற்றே மடங்கியபடி நின்றுவிடுதல், நீட்டும்போது கடும் வலி, உள்ளங்கைப் பக்கம் தொட்டால் நோதல் ஆகிய நான்கும் தசைநாண் உறையில் சீழ் பிடிப்பதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் இரவென்று பாராது வாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி குறைவாகத் தெரியலாம். அவர்கள் வலிக்காகக் காத்திருக்கலாகாது.

அந்தப் பெண்மணி இப்போது மீண்டும் தைக்கிறார். அவரது இயந்திரத்தின் அருகே ஒரு சிறு காந்தமும் மூடியுள்ள புட்டியும் இருப்பதாகச் சென்ற வாரம் சொன்னார். உங்கள் வீட்டு இயந்திரத்தின் அருகிலும் அவை இரண்டும் இருக்கட்டும்.